வயிற்று எக்ஸ்ரே காட்டுவதும் காட்டாததும்
சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய புக்கிட் தீமா சாலையில் 1997 முதல் இயங்கிவரும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற இடங்களில், குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்ற ஐயம் எழுந்தால் முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் கழுத்து முதல் வயிறு வரையிலான எக்ஸ்ரே படமாகும். நாணயம் ஒற்றை வட்டமாகத் தெரியும். பொத்தான் பேட்டரியோ விளிம்பில் இரட்டை வளையம் காட்டும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே திசுவை அரிக்கக்கூடும் என்பதால், இந்த வேறுபாடு உயிர்காக்கும் செய்தியாகிறது.

பெரியவர்களிடம் மருத்துவர் முக்கியமாகத் தேடுவது குடலடைப்பின் அடையாளங்களையே. படத்தில் காற்று கறுப்பாகவும், தசையும் நீரும் சாம்பல் நிறமாகவும், எலும்பு வெண்மையாகவும் தெரிவதால், காற்று நிறைந்து சிறுகுடல் 3 செ.மீ.க்கு மேலும் பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேலும் விரிந்திருப்பது அடைப்பைக் குறிக்கலாம். குடலில் ஓட்டை விழுந்திருந்தால், வெளியேறிய காற்று உதரவிதானம் எனப்படும் மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசைத்திரையின் கீழ் தேங்கும். நோயாளியை நிற்கவைத்து எடுக்கும் மார்புப் படமே அதைத் தெளிவாகக் காட்டும்.

மீன் தலைக் கறியை விரும்பி உண்ணும் இந்நகரில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: விழுங்கிய மீன்முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் புலப்படுவதில்லை, யூரிக் அமிலச் சிறுநீரகக் கற்களும் அவ்வாறே. அவற்றுக்கு சிடி ஸ்கேன் வேண்டும். வயிற்று எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.7 மில்லிசீவர்ட், மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே சாதாரண வயிற்றுவலிக்கு மருத்துவர் படம் எழுதித் தராதது அலட்சியமன்று; கருவுற்றிருக்கக்கூடிய பெண்களோ, படம் எடுப்பதற்கு முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும்.