எல்லோரும் கதைக்கும் வகுப்பு

பின்னேரம் தோட்டத்து வேலை முடித்து, கைகால் கழுவிக்கொண்டு இருபது பேர் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். படிப்பது பேச்சுச் சிங்களம். ஒரு மணித்தியாலம் முடிந்ததும் எண்ணிப் பார்த்தால், வாய் திறந்து கதைத்தவர்கள் மூன்றோ நான்கோ பேர்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கதைக்கிறவர்கள் யார்? முன்பு தெற்கில் கடை வைத்திருந்தவர், கொழும்பில் வேலை பார்த்தவர், கூச்சமில்லாத இளைஞர். பேசாமல் இருப்பவர்கள் யார்? 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்ததால் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள், துணையின்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், வயது போனவர்கள். காணி விடயமாக அதிகாரி முன் நிற்கவேண்டியவர்களும், வெங்காயத்தைத் தம்புள்ளை வியாபாரிக்கு விலைபேசி விற்கவேண்டியவர்களும் இவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மொழி கூடுதலாகத் தேவைப்படுகிறவருக்கே வகுப்பில் வாய்ப்புக் குறைகிறது.

ஒன்றை முதலில் தெளிவாக்குவோம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது நமது உரிமை. சிங்களம் படிப்பதால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்லை. நம்முடைய கையில் இன்னுமொரு கருவி சேர்கிறது, அவ்வளவுதான்.

பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் ஊரில், 1963இல், பாவுலோ பிரேயிரேயின் குழுவினர் ஏறக்குறைய 300 பேருக்கு 40 மணித்தியாலங்களில் எழுத்தறிவித்தார்கள். அரிச்சுவடியை விட்டுவிட்டு, அந்த மக்களின் அன்றாட வாழ்வின் சொற்களிலிருந்து தொடங்கினார்கள். ஆசிரியர் மட்டும் பேசாமல் எல்லோரும் சேர்ந்து உரையாடினார்கள். நாமும் நமது தோட்டத்திலிருந்தே தொடங்கலாம்: “ரத்து லூனு கிலோவ கீயத?” சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை?

வகுப்பில் செய்யக்கூடியவை:

1. வட்டமாக இருங்கள். பின்வாங்கு இருந்தால் அதில் ஒளிந்துகொள்பவரும் இருப்பார்.

2. முதலில் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்; பிறகு சோடியாக; கடைசியில் தனியாக. ஆசிரியர் அரை மணித்தியாலம் பேசினால், மீதியில் இருபது பேருக்கும் தலைக்கு ஒன்றரை நிமிடமே கிடைக்கும். பத்து நிமிடம் சோடியாகக் கதைத்தாலோ ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்.

3. ஒவ்வொருவருக்கும் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒருமுறை கதைத்தால் ஒன்றைத் தட்டில் போடவேண்டும். கொட்டை முடிந்தவர் மற்றவர்கள் முடிக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

4. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மெதுவாக யோசிப்பவருக்கு அந்த இடைவெளி வேண்டும்.

5. நன்றாகக் கதைப்பவரை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். அவர் அதிகாரியாகவோ வியாபாரியாகவோ நடித்துக் கேள்வி கேட்கட்டும், மற்றவர்கள் பதில் சொல்லட்டும்.

6. ஒருவர் கதைக்கும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் பேர் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகத் திருத்துங்கள். ஒரு சிரிப்பு ஒருவரை மாதக்கணக்கில் ஊமையாக்கிவிடும்.

இன்னுமொன்று. நம்மில் பலர் இந்த மொழியை முதலில் கேட்டது சோதனைச் சாவடியில், அதட்டும் குரலில். அந்த நினைவு தொண்டையை அடைக்கிறவரை வற்புறுத்தக்கூடாது. “இன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அடுத்த வகுப்பிலும் அவருடைய மூன்று கொட்டைகள் அவருக்காக இருக்கவேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு முதலில் இரண்டு வசனங்கள் போதும். “மட்ட தேருனே நே” என்றால் எனக்கு விளங்கவில்லை. “ஹெமின் கியன்ன” என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். இவை தெரிந்தால் விளங்காத ஒன்றுக்குத் தலையாட்டவோ, விளங்காத படிவத்தில் ஒப்பமிடவோ தேவையில்லை.

கெட்டிக்காரர் எவ்வளவு பேசினார் என்பதை வைத்து வகுப்பை அளக்கவேண்டாம். நேற்றுவரை பேசாமலிருந்த அம்மா இன்று ஒரு வசனம் சொன்னாரா என்று பார்ப்போம். அவர் தன் காணியைப் பற்றித் தானே கேட்கும் நாளுக்காகவே நாம் கூடுகிறோம்.