கடுங்குளிரில் “எனக்கு ஒன்றுமில்லை” என்பவரைக் கவனியுங்கள்

மாணவர்களே, 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் முதன்முதலாக மலேசியர்கள் கால் பதித்தார்கள். முதலில் எம்.மகேந்திரன், அவருக்குச் சற்றுப் பின்னால் என்.மோகன்தாஸ். இருவருமே நம் மலேசியத் தமிழர்கள். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நாட்டில் வளர்ந்தவர்கள், 8,848 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு உயிர்வாயு மட்டுமே கிடைக்கும் இடத்தில் நின்றார்கள்.

அங்கே போக உடல் வலிமை வேண்டும் என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் இதுபோன்ற பயணங்களுக்கு ஆயத்தமாகிறவர்கள் இன்னும் இரண்டு பாடங்களைக் கட்டாயம் படிக்கிறார்கள். ஒன்று, பயண மருத்துவம். அதாவது, மருத்துவமனை இல்லாத இடத்தில் உயிரைக் காப்பது. மற்றொன்று, தலைமைத்துவம். இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? விடை நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

உடல் எடுக்கும் முடிவு

நம் உடலின் உட்பகுதி ஏறக்குறைய 37 பாகை செல்சியஸில் இயங்குகிறது. இதைக் கண்காணிப்பது மூளையில் உள்ள ஹைப்போதாலமஸ். குளிர் தாக்கியதும் அது இரண்டு கட்டளைகளை இடுகிறது. முதலாவது, தோலிலும் கை கால்களிலும் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. சூடான இரத்தம் இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றைச் சுற்றியே நின்றுவிடும். விரல்களைக் கைவிட்டாவது உயிரைக் காப்பாற்ற உடல் எடுக்கும் முடிவு இது. இரண்டாவது, நடுக்கம். தசைகள் வேகமாகச் சுருங்கி விரியும்போது வெப்பம் பிறக்கிறது.

இழக்கும் வெப்பம் உண்டாக்கும் வெப்பத்தைவிட மிகுதியானால் உட்பகுதியின் வெப்பநிலை இறங்கத் தொடங்கும். அது 35 பாகைக்குக் கீழே போவதையே ஹைப்போதெர்மியா என்கிறோம். உடல்வெப்பத் தாழ்வு என்று தமிழில் சொல்லலாம். 32 பாகை வரை நடுக்கம் கடுமையாக இருக்கும். அதற்கும் கீழே போனால் நடுக்கம் குறைந்து நின்றுவிடும். பார்க்கிறவர் “பரவாயில்லை, நடுக்கம் நின்றுவிட்டது” என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உடலிடம் எரிபொருள் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். 28 பாகைக்குக் கீழே நினைவு தப்பும். இதயத் துடிப்பின் ஒழுங்கும் எளிதில் குலைந்துவிடும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குளிர்ந்துபோகும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. உடல்வெப்பம் இறங்க இறங்கப் பேச்சு குழறும், நடை தள்ளாடும், கையில் உள்ள பொருள் நழுவும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், அல்லது பேச்சே நின்றுபோகும். சிலர் கடைசிக் கட்டத்தில் வெப்பமாக இருப்பதாக உணர்ந்து, பனியில் நின்றபடியே சட்டையைக் கழற்றுவதும் உண்டு. தனக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளையே மந்தமாகிவிடுவதால், பாதிக்கப்பட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்” என்றுதான் சொல்வார்.

ஆகவே, தன் நோயைக் கடைசியாக அறிபவர் நோயாளிதான். முதலில் அறிய வேண்டியவர் பக்கத்தில் நடப்பவர்.

காற்றும் ஈரமும்

வெப்பமானியில் தெரியும் எண் மட்டும் குளிரின் அளவைச் சொல்லிவிடாது. உடலை ஒட்டி ஒரு மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் இருக்கிறது. வீசும் காற்று அதை அடித்துச் சென்றுவிடும். வெப்பநிலை -10 பாகையாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது -20 பாகைபோல இருக்கும்.

ஈரம் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மழையில் நனைந்த பருத்திச் சட்டையும், வியர்வையில் ஊறிய உள்சட்டையும் உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள தலைவர், குழுவினருக்கு வியர்க்கும் அளவுக்கு வேகமாக நடப்பதில்லை. “நடக்கத் தொடங்கும்போது இலேசாகக் குளிர வேண்டும்” என்பது மலையேறிகளின் பாடம்.

எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது

உடல்வெப்பம் தாழ்ந்தவரைக் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடையும் போர்வையும் போர்த்த வேண்டும். தலையையும் மூட வேண்டும். தரையும் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் அடியில் விரிப்பு கட்டாயம். அவர் தெளிவாகப் பேசி, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். நம் ஊர் மைலோ போதும். அதில் உள்ள சர்க்கரை நடுக்கத்துக்கு எரிபொருளாகும். மது கூடவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். கை கால்களைத் தேய்ப்பதும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவரை உலுக்குவதும் தவறு. குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியையும் தாங்காது.

உறைபனிக் காயம் வேறு வகை. விரல், மூக்கு, காது ஆகியவற்றின் திசுக்களில் உள்ள நீரே பனிக்கட்டியாகிவிடுகிறது. அந்த இடம் வெளுத்து, மரத்து, மெழுகுபோல இருக்கும். அதைத் தேய்த்தால் திசுக்கள் மேலும் கிழியும். நெருப்பில் காட்டினால், உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொள்வது தெரியாது. 37 முதல் 39 பாகை வரையுள்ள வெந்நீரில் ஏறக்குறைய அரை மணி நேரம் வைப்பதே சரியான முறை. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வழியில் மீண்டும் உறைந்துபோக வாய்ப்பிருந்தால் உருக்கவே கூடாது. உருகி மறுபடி உறைந்த திசு, உறைந்தே இருந்த திசுவைவிட அதிகமாகக் கெடும். நிறுத்தி உருக்குவதா, உறைந்த காலோடு கீழே நடத்திச் செல்வதா? இது மருத்துவக் கேள்வியா, தலைமைத்துவக் கேள்வியா என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

குளிரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 மே 20ஆம் நாள், அன்னா போகென்ஹோம் என்னும் இளம் மருத்துவர் நார்வேயில் பனிச்சறுக்கின்போது விழுந்து, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். ஏறத்தாழ 80 நிமிடங்கள் கழித்தே அவரை வெளியே எடுக்க முடிந்தது. இதயம் நின்றிருந்தது, உடல் வெப்பநிலை 13.7 பாகை. ஆயினும் டிரோம்சோ நகர மருத்துவமனை மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்தார்கள். மூளை மிகவும் குளிர்ந்திருந்ததால் அதற்குத் தேவைப்பட்ட உயிர்வாயு மிகக் குறைந்துவிட்டிருந்தது. குளிரில் உறைந்தவரை அவசரப்பட்டு இறந்துவிட்டார் என்று கைவிடக் கூடாது என்பதை மருத்துவ உலகம் அவரைக் கொண்டு நினைவூட்டுகிறது.

மருத்துவரே நோயாளியானால்?

தென்துருவக் கண்டமான அண்டார்டிகாவில் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் அதன் பக்கத்துவீடு மாதிரி. 1961இல் சோவியத் குழு ஒன்று அங்கே குளிர்காலத்தைக் கழித்தது. குழுவின் ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசோவ், வயது 27. ஏப்ரல் மாத இறுதியில் அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வெளியே பனிப்புயல். விமானமும் வராது, கப்பலும் வராது.

ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, அவர் தம் வயிற்றைத் தாமே அறுத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வயிற்றுத் தோலுக்கு மட்டுமே மரத்துப்போகும் ஊசி. அவருடைய துணிச்சலை உலகமே பாராட்டியது. நீங்கள் அதைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே அவர் வேலைகளைப் பங்கிட்டுவிட்டார். வானிலை ஆய்வாளர் கருவிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். இரத்தத்தைப் பார்த்து இவர்களில் ஒருவர் மயங்கினால் அந்த இடத்துக்கு வர நிலையத் தலைவர் ஆயத்தமாக நிற்க வேண்டும். ரோகோசோவே மயங்கிவிட்டால் எந்த மருந்தை எப்படி ஊசி வழி செலுத்துவது, செயற்கைச் சுவாசம் எப்படிக் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே கற்றுக் கொடுத்தார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சிகிச்சை முடிந்தது. இரண்டு வாரங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார்.

“நான் விழுந்தால் யார், என்ன செய்வது?” என்று தலைவர் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் இன்றும் கொடுக்கிறார்கள். அண்டார்டிகா செல்லும் இந்தியக் குழுவினர், அறிவியலாளரானாலும் சமையற்காரரானாலும், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு உத்தராகண்ட் மாநிலத்தின் ஔலி பனிமலைக்குப் போய்ப் பயிற்சி பெறுகிறார்கள். பனியில் நடப்பது, கூடாரத்தில் தங்குவது, கயிறு கட்டி மீட்பது ஆகியவற்றோடு ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவும் அந்த நாள்கள் உதவுகின்றன.

திரும்பத் தெரிந்தவரே தலைவர்

நம் மலேசியர்கள் எவரெஸ்ட்டில் ஏறியதற்கு முந்தைய ஆண்டு, 1996 மே 10இல், அதே மலையில் வீசிய புயலில் 8 பேர் இறந்தார்கள். ரொப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்னும் புகழ்பெற்ற இரண்டு குழுத் தலைவர்களும் அவர்களில் அடக்கம். இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமானால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரம் கடந்த பிறகும் பலர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அனுபவமில்லாததால் வந்த வினையல்ல இது. களைத்து, குளிர்ந்து, உயிர்வாயு குறைந்த மூளை நல்ல முடிவு எடுக்காது. அதனால்தான் திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே, தெளிந்த மனத்தோடு முடிவுசெய்து, மேலே போனபின் மாற்றக் கூடாது.

நம் நாட்டிலும் இந்த விதி இருக்கிறது. சபாவிலுள்ள கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கடற்கரையில் 27 பாகை என்றால் கினபாலு உச்சியில் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள், சுழியத்தைத் தொடும். நம் பினாங்குக் கொடிமலையின் 833 மீட்டருக்கே 5 பாகைக்கு மேல் குறைகிறது! கினபாலுவில் விடியலுக்கு முன் ஏறுகிறவர்கள் சயாட்-சயாட் சோதனைச் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். தவறினால் திரும்ப வேண்டியதுதான். அது தண்டனையல்ல, மருத்துவம்.

உங்களில் பலர் சாரணர் இயக்கத்திலும் செம்பிறைச் சங்கத்திலும் இருப்பீர்கள். அடுத்த முறை மலையேறப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள். இருவர் இருவராக இணை சேருங்கள். அரை மணிக்கு ஒருமுறை இணையின் முகத்தையும் விரல்களையும் பாருங்கள். “சரியா?” என்று கேட்டால் “சரி” என்றுதான் பதில் வரும். அதனால், “100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்” என்று கேளுங்கள். கோடு போட்டதுபோல நேராக நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே நின்று உதவுங்கள். தலைவராக இருப்பவர், “எனக்குக் குளிர்கிறது” என்று தாமே முதலில் சொல்லட்டும். அப்போதுதான் வயதில் சின்னவரும் கூச்சமில்லாமல் சொல்வார். குளிரைச் சொல்பவரைக் கேலி செய்யும் குழுவில்தான் “எனக்கு ஒன்றுமில்லை” என்ற பொய் பிறக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு போத்தல்களில் 45 பாகை வெந்நீரை ஊற்றுங்கள். ஒன்றுக்கு உலர்ந்த காலுறையும் மற்றொன்றுக்கு நனைத்துப் பிழிந்த காலுறையும் மாட்டுங்கள். இரண்டையும் மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் வரை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி செய்யுங்கள். எந்தக் கோடு மிக வேகமாகக் கீழே இறங்குகிறது, ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விளக்கிக் காட்டுங்கள்.