கடல் விலகிய வழியில் ஒரு நாள்

களப்பயணம் என்றதும் மலையேற்றம், முகாம் என்று யோசித்து, செலவுக்கு அஞ்சிக் கைவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். தூத்துக்குடிப் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரே நாளில் முடியும் தேடல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல்.

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது, வயலும் வாழையும்தான். “புக்குல தப்பா போட்டிருக்காங்களா டீச்சர்?” என்றாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நான் விடை சொல்லவில்லை. வேனைக் கிழக்கே விடச் சொன்னேன்.

தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கொற்கைத் துறையைத் தூர்க்க, வணிகம் காயலுக்கு மாறியது. மார்கோ போலோ குறிப்பிடும் காயல் இந்தப் பழையகாயலே என்றார் கால்டுவெல். பிறகு அதுவும் தூர்ந்தது. இன்று ஆறு கடலில் சேர்வது புன்னைக்காயல் அருகே. அங்கே, மழையில் கலங்கியிருந்த ஆற்றுநீரைப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தோம். அரைமணி நேரத்தில் அடியில் மண் படிந்தது. வீடு திரும்பும்வரை அந்த மாணவி பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

வட்டார வரைபடம், தூரம் அளக்க நூல், பாட்டில் போதும். முகத்துவாரத்தில் மாணவர்களை நீரில் இறக்காதீர்கள். நீரை நானேதான் எடுத்தேன். கொற்கையில் பானை ஓடு கண்ணில் பட்டால் பார்க்கலாம், தோண்டக் கூடாது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதில் மூழ்கிய இளைஞர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், இந்தப் பருவத்திலேயே வகுப்புக்கு அழைத்துவிடுங்கள்.