வெப்பம் குடிக்கும் கொலராடோ

1922 நவம்பரில் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களுடைய பிரதிநிதிகள் சாண்டா ஃபே அருகே கூடி கொலராடோ ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேல்வடிநிலத்துக்கும் கீழ்வடிநிலத்துக்கும் ஆண்டுக்குத் தலா 327 டி.எம்.சி. 1944-இல் மெக்சிகோவுக்கு மேலும் 65 டி.எம்.சி. ஆக, ஏறத்தாழ 720 டி.எம்.சி.க்குக் காகிதத்தில் உரிமை எழுதியாயிற்று. 2000-க்குப் பிறகு ஆற்றின் இயற்கை வரத்தோ ஆண்டுச் சராசரியாகச் சுமார் 540 டி.எம்.சி.தான்.

பங்கு பிரித்தவர்கள் நம்பிய ஆண்டுகள் வழக்கத்தைவிட மழையும் பனியும் மிகுந்தவை. பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து ஸ்டாக்டனும் ஜேக்கபியும் 1976-இல் இதைக் காட்டினார்கள். ஆனால், ஈ.சி. லாரூ என்ற நீரியலாளர் 1920-களிலேயே தண்ணீர் போதாது என்று எச்சரித்திருந்தார். கேட்பாரில்லை. இதை அறியாமல் நேர்ந்த பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று ஆற்றின் வரத்தைக் கணிக்கக் கணினி மாதிரிகள் இருக்கின்றன. வடிநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மண், உயரம், செடிகொடி விவரங்களைக் கொடுக்கிறார்கள். நாள்தோறும் மழையையும் வெப்பத்தையும் உள்ளே செலுத்தினால், எவ்வளவு பனியாகத் தங்கும், எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆவியாகும், மிச்சம் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்று மாதிரி கணக்கிடும். முதலில் கடந்த காலத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். லீஸ் ஃபெர்ரி அளவீட்டு நிலையத்தில் அளந்த நீரோடு, மேலே அணைகளும் கால்வாய்களும் எடுத்துக்கொண்டதைக் கூட்டினால் கிடைக்கும் இயற்கை வரத்துக்கு மாதிரியின் விடை நெருங்கி வர வேண்டும். அதன் பிறகுதான் எதிர்காலத்தைக் கேட்கலாம்.

இங்கே மழை கூடுமா குறையுமா என்பதில் காலநிலை மாதிரிகள் ஒன்றுபடுவதில்லை. அதையே சாக்காக்கி, எதையும் முடிவு செய்ய இயலாது என்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வெப்பம் ஏறும் என்பதில் மாதிரிகளுக்குள் தகராறு இல்லை. கொலராடோவை மெலிய வைக்க அந்த வெப்பமே போதும். மில்லியும் டன்னும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆற்றின் வரத்து சுமார் 9.3 சதவீதம் சரிகிறது. காரணம் பனி. ராக்கி மலைகளின் பனிதான் இந்த ஆற்று நீரின் பெரும்பகுதி. பனி மூடிய நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனி சீக்கிரம் கரைந்தால் வெறும் தரை அந்த வெயிலை வாங்கிக்கொண்டு ஈரத்தை ஆவியாக்கும். 2021-இல் மலைகளில் பனி சராசரியைவிடச் சற்றுத்தான் குறைவு. ஆனால் அந்த வசந்தத்திலும் கோடையிலும் பவெல் ஏரி என்னும் அணைத்தேக்கத்துக்கு வந்த நீர் சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வறண்ட மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கீழே உள்ள மற்றோர் அணைத்தேக்கமான மீட் ஏரிக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் இந்த நீரை நம்பி வாழ்கிறார்கள். 2007-இல் வகுத்த அணை இயக்க விதிகள் 2026 இறுதியோடு முடிகின்றன. மாறாத டி.எம்.சி. கணக்கை விட்டுவிட்டு, அந்தந்தக் காலத்து வரத்தில் இத்தனை சதவீதம் என்று பிரிப்பதே இனி நியாயமான வழி. அப்படிப் பிரிக்கும்போது வடிநிலத்தின் 30 பழங்குடி இனங்களும் பேச்சில் சமமாக உட்கார வேண்டும். 1922-இல் அவர்களில் ஒருவரையும் அழைக்கவில்லை.