கூட்டமாகப் போகலாம், கூட்டமில்லாத மணப்பாடு

பள்ளி விடுமுறை நெருங்கினால் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பதினைந்து, இருபது பேர் சேர்ந்து போக வேண்டும்; கடல் இருக்க வேண்டும்; கூட்டம் இருக்கக் கூடாது. உடனே ஒருவர் மாமல்லபுரம் என்பார். சனி, ஞாயிறுகளில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். கன்னியாகுமரி என்றால், முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு நடுவே எட்டித்தான் சூரிய உதயத்தைப் பார்க்க வேண்டும். ராமேசுவரம் போகிறவர்கள் தீர்த்தமாடப் போகிறார்கள். அது வேறு பயணம்.

என்னைக் கேட்டால் மணப்பாடு என்பேன். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர். குலசேகரன்பட்டினம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல ஒரு மணல் குன்று. மேலே வெள்ளை நிறத்தில் திருச்சிலுவை ஆலயம், அருகிலேயே கலங்கரை விளக்கம். குன்றின் தென்பக்கம் அலை ஓங்கி அடிக்கும். வடபக்கம் குன்றே மறைப்பாக நிற்பதால் தண்ணீர் தணிந்து கிடக்கும். கருமேனியாறு கடலில் சேரும் கழியும் பக்கத்திலேயே இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் இந்த முனையின் அலைக்காகவே தேடி வருகிறார்கள். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் இருக்கிற குழுவுக்குத் தென்பக்கம் பார்ப்பதற்கு மட்டும்தான். கால் நனைக்க வடபக்கம் போங்கள். அங்கேயும் எங்கே இறங்கலாம் என்று ஒரு மீனவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மணப்பாட்டை நான் முன்னால் வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல. வெளியூர்க்காரர்களை நம்பி இந்த ஊர் இல்லை. காலையில் மீன், மாலையில் பூசை, நடுவில் வலை சீர்பார்ப்பது என்று அதற்கு ஒரு சொந்த நடை இருக்கிறது. நாம் போனாலும் போகாவிட்டாலும் அது மாறாது. அசல் கடலோர ஊரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

விடியற்காலையில் கரைக்குப் போங்கள். வள்ளம் மணலில் தட்டியதும் நாலைந்து பேர் தோள்கொடுத்து ஏற்றுவார்கள். வலையைப் பிரித்து, கண்ணியில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். செதில் ஒட்டிய விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாளை ஒரு குவியல், ஊளி ஒரு குவியல், பாறை தனியாக. நல்ல சீலா விழுந்திருந்தால் அதைச் சுற்றி வியாபாரிகள் கூடிவிடுவார்கள். ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். ஏலம் எடுத்த பெண்ணிடமே குழுவுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கிவிட்டு மறுநாள் காலையில் புது மீன் தேடினால் கிடைக்காது.

ஊருக்குள் நடந்தால் பெரிய பெரிய பழைய வீடுகள் கண்ணில் படும். உயரமான தூண், சுதை வேலை, அகலமான திண்ணை. இலங்கையோடு வியாபாரம் செய்த குடும்பங்கள் கட்டியவை. சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஆள் இருக்கிறார்கள். குன்றின்மேல் உள்ள ஆலயத்துக்கு 1581 என்று ஆண்டு சொல்கிறார்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத் துண்டில் செய்த சிலுவையை இங்கே நட்டார்கள் என்பது ஊர் மரபு. முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவம் தழுவினார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லும் குகை குன்றின் அடியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு. அலை எட்டும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. இதேபோலக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்க்க வேண்டும்.

குழுவில் புத்தகப் பிரியர் யாராவது இருந்தால் திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தமிழ் எழுத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த அன்றிக் அடிகளார் பல ஆண்டுகள் உழைத்த ஊர் அது. நூல் அச்சானது கொல்லத்தில். அதன் தமிழ் பழகியது இந்தக் கரையில்.

தங்குவதற்கு மட்டும் மணப்பாட்டை நம்ப வேண்டாம். இருபது பேருக்கு ஒரே இடத்தில் அறை கிடைக்கும் ஊர் அல்ல இது. திருச்செந்தூரில் தங்கி, வேன் பேசிக்கொண்டு, விடியும் முன்பே கிளம்புவதுதான் தோது. சென்னையிலிருந்து திருச்செந்தூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. வயதானவர்களுக்குக் கழிப்பறை, மதியச் சாப்பாடு இரண்டையும் திருச்செந்தூரை வைத்தே திட்டமிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும். அதற்குள் கரையை விட்டுக் கிளம்பி, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வரலாம்.

நடுவில் கிடைக்கும் பொழுதுக்கு உடன்குடி இருக்கிறது. பனங்கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பங்குனி பிறந்தால் பதநீர் கிடைக்கத் தொடங்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கையும் போட்டுத் தருவார்கள். அப்படியே உள்ளே போனால் குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண், ஆங்காங்கே பனையும் முந்திரியும். கடலிலிருந்து சில மைல் தூரத்தில் இப்படி ஒரு நிலம் இருப்பதைக் குழந்தைகள் நம்ப மாட்டார்கள்.

நாள் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கந்த சஷ்டி, தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், பௌர்ணமி ஆகிய நாட்களில் திருச்செந்தூரில் அறை கேட்டு அலையாதீர்கள். தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் திரள்வார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு தடவை வரலாம், ஆனால் அமைதி தேடி அல்ல. மணப்பாட்டிலேயே செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளுக்குப் பெருங்கூட்டம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். எனக்குப் பிடித்தது பங்குனியின் வார நாட்கள்.

கூட்டமாகப் போகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கரை மீனவர்களின் வேலைக்களம். காயப்போட்ட வலைமேல் நடக்காதீர்கள். அதன் பக்கத்தில் பந்து அடித்து விளையாடாதீர்கள். கேட்காமல் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். ஆலய வளாகத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடாதீர்கள். மதுப் புட்டிகளைக் கரைக்குக் கொண்டுவரவே கூடாது. உடைந்த கண்ணாடி மறுநாள் குத்துவது வெறுங்காலோடு வள்ளம் தள்ளுகிறவரின் பாதத்தில்தான்.

இந்தப் பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி இறங்குதளம் கடலுக்குள் நீண்டு கிடப்பதைச் சாலையில் வரும்போதே பார்க்கலாம். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 28.2.2024 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் பறக்கத் தொடங்கினால் சாலையும் விடுதியும் வரும், ஆட்களும் வருவார்கள். போவதாக இருந்தால் வருகிற பங்குனியிலேயே போய் வந்துவிடுங்கள். கிளம்பும்போது மணப்பாட்டுப் பெண்கள் முடைந்த பனையோலைப் பெட்டி ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். விலையில் பேரம் பேச வேண்டாம்.