வேலியில் விழுந்த ஓட்டை

இணையதளங்களைக் காக்க வாங்கிய கருவியிலேயே பலவீனம். அதற்கு மருந்து வந்தது. எந்த நோய்க்கு என்பதைத்தான் தயாரிப்பாளர் 17 நாட்கள் கழித்துச் சொன்னார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதைச் சொல்ல முடியாது. வேலி மேயவில்லை. அதில் ஓர் ஓட்டை இருந்தது, மாடுகள் கண்டுபிடித்துவிட்டன.

2025 அக்டோபர் 6. இணையத் திருடர்களுக்குப் பொறி வைத்துக் காத்திருக்கும் டிஃபியூஸ்ட் என்ற நிறுவனம், தன் பொறியில் சிக்கிய விசித்திரமான தாக்குதல் ஒன்றை வெளியிட்டது. குறி, அமெரிக்காவின் ஃபோர்ட்டிநெட் நிறுவனம் விற்கும் ஃபோர்ட்டிவெப். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்றவற்றின் இணையதளங்களுக்கு முன்னால் நின்று, வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் சோதித்து, விஷமமானதைத் திருப்பி அனுப்பும் கருவி இது. (ஃபயர்வால் என்பதைத் தமிழில் தீச்சுவர் என்கிறார்கள். தீயால் ஆன சுவர் என்றல்லவா தொனிக்கிறது? தீயைத் தடுக்கும் சுவர் என்பதே மூலப்பொருள்.)

தாக்குதல் முறை வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. முகவரிக்குள் இரண்டு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் திரும்பத் திரும்பச் சேர்த்தால், கருவியின் உள்ளே பூட்டி வைத்திருக்க வேண்டிய ஒரு நிரலை எட்டிவிடலாம். அங்கே போய் 'நான்தான் நிர்வாகி' என்று ஒரு குறிப்பைக் கொடுத்தால் போதும், கருவி நம்பிவிடும். கடவுச்சொல் கேட்பதில்லை. வந்தவர்கள் முதல் காரியமாகத் தங்களுக்கென்று புதிய நிர்வாகிக் கணக்குகளைத் திறந்துகொண்டார்கள். இதே புள்ளி-சாய்கோடு தந்திரத்தை மற்ற தளங்களில் தடுப்பதற்காகத்தான் இத்தகைய கருவிகளையே வாங்குகிறார்கள்!

இது முதல் அவமானமும் அல்ல. அதே ஆண்டு ஜூலையில், தரவுத்தளக் கட்டளைகளைத் திருட்டுத்தனமாக நுழைக்கும் எஸ்.க்யூ.எல். ஊடுருவலுக்கு ஃபோர்ட்டிவெப் இடம்கொடுப்பது தெரியவந்தது. ஜூலை 8இல் திருத்தம் வந்தது. 11ஆம் தேதியே தாக்கும் முறை பகிரங்கமாயிற்று. நிர்வாகிகளுக்குக் கிடைத்தது மூன்றே நாட்கள்.

அக்டோபர் விவகாரத்தில் அதுவும் கிடைக்கவில்லை. அக்டோபர் 28இல் வந்த 8.0.2 பதிப்பு ஓட்டையை அடைத்தது. ஆனால் அதனுடன் வந்த குறிப்பில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நவம்பர் 14இல்தான் எச்சரிக்கை வந்தது. பலவீனத்துக்கு சிவிஇ-2025-64446 என்று எண்ணும், பத்துக்கு 9.1 என்று அபாய மதிப்பெண்ணும் கிடைத்தன. அன்றே அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, மத்திய அரசுத் துறைகள் ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு விதித்தது.

ஓட்டையைப் பறைசாற்றினால் திருடர்களுக்கும் தெரிந்துவிடும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அதில் நியாயம் உண்டு, திருடன் இன்னும் வராதவரை. இங்கே அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தான். வங்கியின் முன்னால் நிற்கும் கருவியை நிறுத்திப் புதுப்பிப்பது சாதாரண வேலையல்ல. நள்ளிரவு பார்த்து, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியது. காரணம் சொல்லாத ஒரு புதுப்பிப்புக்காக எந்த மேலதிகாரி கையெழுத்துப் போடுவார்?

உடனே புதுப்பிக்க முடியாதவர்களுக்கு ஃபோர்ட்டிநெட் சொன்ன வழி, கருவியின் நிர்வாக வாசலை இணையத்திலிருந்து துண்டிப்பது. உண்மையில் அந்த வாசல் வெளியுலகுக்குத் திறந்திருக்கவே கூடாது. அவசரத்தில் பலர் மறப்பது இன்னொன்று: புதுப்பிப்பு ஓட்டையை அடைக்குமே தவிர, நுழைந்தவனை வெளியேற்றாது. அக்டோபர் தொடக்கம் வரை பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். பெயர் தெரியாத நிர்வாகிக் கணக்கு இருந்தால், அழிக்கும் முன் சாட்சியத்தைப் பிரதி எடுத்துவைக்க வேண்டும். பிறகு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு கடிகாரமும் ஓடும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணைப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை ஒரு மாதத்திலேயே அழித்துவிடும் அலுவலகத்தால், நவம்பர் நடுவில் எச்சரிக்கை வந்தபோது அக்டோபர் முதல் வாரத்தில் யார் வந்துபோனார்கள் என்று பார்த்திருக்கவே முடியாது.

நவம்பர் 18இல் ஃபோர்ட்டிவெப்பில் மற்றொரு பலவீனத்தை நிறுவனம் அறிவித்தது. அதையும் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக் கொண்டிருந்தார்கள்.