தைத்த கப்பலில் சரித்திரம் தேடியவர்

சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் நூலகத்தில் அமர்ந்து எழுதுவார்கள். டிம் செவரின் கடலில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினார். நான் விரும்பிப் படித்த அவரை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய ஆசைப்படுகிறேன்.

1940-ல் அஸ்ஸாமில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். மாணவராக இருந்தபோதே, 1961-ல், மார்க்கோ போலோ சென்ற வழியில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அதுவே முதல் புத்தகமாயிற்று. பிறகு அதையே தொழிலாக்கிக் கொண்டார். பழைய பயணக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வார். அக்காலத்துப் பொருள்களாலேயே படகு கட்டுவார். அதே வழியில் போய்வந்து எழுதுவார், மேடைகளில் பேசுவார்.

ஆறாம் நூற்றாண்டு ஐரிஷ் துறவி பிரெண்டன், தோல் படகில் மேற்குக் கடலைக் கடந்தார் என்பது ஒரு கதை. செவரின் 49 மாட்டுத் தோல்களைத் தைத்துப் படகு செய்து, 1976-ல் அயர்லாந்திலிருந்து புறப்பட்டார். ஐஸ்லாந்தில் நிறுத்திவிட்டு, மறுவருடம் தொடர்ந்தார். பனிக்கட்டி குத்தித் தோல் கிழிந்தபோது, நடுக்கடலிலேயே ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். 1977 ஜூனில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையை அடைந்தார்கள்.

நமக்கு நெருக்கமானது சிந்துபாத் பயணம். அதற்காக ஓமானில் 'சோஹார்' என்ற கப்பல் கட்டப்பட்டது. பலகைகள் நம் மேற்குக் கரையிலிருந்து போனவை. ஆணி கிடையாது, முழுவதும் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது. அந்த வேலை தெரிந்தவர்களை லட்சத்தீவிலிருந்து அழைத்துப் போனார். 1980 நவம்பரில் மஸ்கட்டில் கிளம்பி, கோழிக்கோடு, இலங்கை, சுமத்ரா வழியாக 1981 ஜூலையில் சீனத்தின் கான்டன் சேர்ந்தது. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலா படகும் இப்படி நாரால் தைத்ததுதான்.

எல்லாமே வெற்றி அல்ல. ஆசியர்கள் பண்டைக் காலத்தில் அமெரிக்கா சென்றிருக்க முடியுமா என்று பார்க்க, 1993-ல் மூங்கில் தெப்பத்தில் பசிபிக்கில் போனார். நடுவழியில் கட்டுகள் இற்றுவிட்டன. தெப்பத்தைக் கைவிட நேர்ந்தது. அதையும் மறைக்காமல் புத்தகமாக எழுதினார். 2020 டிசம்பரில் அயர்லாந்தில் காலமானார்.

அவரிடம் நான் கற்றது ஒன்று. தோல் படகு கரை சேர்ந்தது என்றால், பிரெண்டனும் போயிருக்க முடியும் என்றுதான் பொருள். போனார் என்பதற்குச் சான்று தனியாக வேண்டும். நம் மேடைகளில் தமிழர் கடலோடிய பெருமையைப் பேசும்போதும் இந்த வித்தியாசம் தேவை. எகிப்தின் குசைர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, அது சான்று. நம் கப்பல் பெரியது, ஆகவே உலகெல்லாம் போனோம் என்பது வெறும் ஊகம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் நாலு பேர் முன் இதைச் சொல்லும்போது "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும். பதில் உள்ள பெருமையையே அவர்கள் கையில் கொடுப்போம்.